மெழுகுச் சுவர்

எனக்கு வாய் நீளம் என்று பதுளைக் கடைத்தெருவில் பாதிப்பேர் சொல்வார்கள். மீதிப்பேர் இன்னும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். வாப்பா துணிக்கடை வைத்திருந்தார். பெண்பிள்ளை ஊரார் சளியைக் கிண்டிப் பார்க்கிற வேலைக்குப் போவதா என்று குடும்பமே குதித்தபோது, "யாராவது பார்க்கத்தானே வேணும், நான் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கொழும்புக்குப் போய்ப் பயிற்சி எடுத்து வந்தவள் நான். பெயர் பலீலா. மார்பு நோய் கிளினிக்கில், மலைப்பக்கம் பார்த்த ஒரு சின்ன அறையில், நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தபடியே என் வயசு போய்விட்டது.

அந்தச் சளிக்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் ஒரே விளக்கத்தைத்தான் சொல்வேன். நம்முடைய உடம்பைக் கட்டியிருக்கிற கலம், செல் என்பார்களே, அது தோட்டத்துத் துரை பங்களா மாதிரி. உள்ளே தனித்தனி அறைகள். பரம்பரைச் சரக்கைப் பத்திரப்படுத்தக் கரு என்று ஓர் அறை, சக்தி உண்டாக்க வேறு அறைகள், எல்லாவற்றுக்கும் தடுப்பு உண்டு. பற்றீரியாவின் கலம் அப்படியல்ல. அது தோட்டத்துக் கூலியாட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்துக் காம்பரா. ஒரே அறை. சமையல், படுக்கை, பிள்ளைப்பேறு எல்லாம் அதற்குள்ளேதான். பரம்பரை நூல் நடுவில் சுருண்டு கிடக்கும், அதற்கென்று மூடின அறை கிடையாது. புரதம் செய்யும் பொடி மணிகள் சுற்றிலும் சிதறிக் கிடக்கும். எல்லாவற்றையும் ஒரு மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கும். அதற்கு வெளியே சுவர். அந்தச் சுவரை உடைத்துவிட்டால் உள்ளே தண்ணீர் ஏறி அது வெடித்துச் செத்துப்போகும். ஏழைக்கு இருக்கிற ஒரே சொத்து சுவர்தானே.

அண்மையில் ஒரு சஞ்சிகையில் படித்தேன். கொதிக்கிற ஊற்றுகளிலும் உப்புப் பூத்த குளங்களிலும் வேறொரு கூட்டம் வாழ்கிறதாம். அவையும் ஒற்றை அறைக்காரர்கள்தானாம். பார்க்கப் பற்றீரியா மாதிரியே இருந்தாலும் சவ்வும் சுவரும் வேறு சரக்கில் கட்டியவையாம், கிட்டின உறவுகூட இல்லையாம். இருக்கட்டும். அவை யாருக்கும் நோய் கொடுத்ததாகக் கேள்விப்படவில்லை, எனக்கும் அவற்றோடு சண்டை இல்லை.

என் சண்டை சயரோகக் கிருமியோடு. அதற்குச் சாதாரணச் சுவர் போதாது. சுவருக்கு மேல் மெழுகுப் பூச்சு. மழையில் கொழுந்து எடுக்கும் பெண்கள் இடுப்பில் படங்கு கட்டிக்கொள்வார்களே, தண்ணீர் ஒட்டாத சீலை, அதைக் கட்டிக்கொண்டதுபோல. சாயம் ஊற்றினால் வழுக்கி ஓடிவிடும். ஆகவே கண்ணாடித் தகட்டில் சளியைப் பூசி, சிவப்புச் சாயத்தை ஊற்றி, அடியில் விளக்கைப் பிடித்து ஆவி பறக்கிற வரை சூடாக்க வேண்டும். அப்போதுதான் மெழுகு இளகிச் சாயம் உள்ளே போகும். போய்விட்டால் பிறகு அமிலத்தை ஊற்றிக் கழுவினாலும் வெளியே வராது. மற்றதெல்லாம் வெளுத்துப்போகும், இது மட்டும் பிடித்த நிறத்தை விடாது. கடைசியில் நீலச் சாயம் போட்டுப் பார்த்தால், நீல வெளியில் சிவப்புக் குச்சிகள். ஒன்றைக் கண்டாலும் சயரோகம்தான்.

நான் சொல்ல வந்தது எழுபத்து நாலாம் வருஷத்துக் கதை. பாண் ரொட்டிக்கும் மாவுக்கும் நாடே வரிசையில் நின்ற காலம். ஊரில் பசி என்றால் தோட்டத்தில் பட்டினி. பட்டினி நுழைந்த காம்பராவுக்குள் சயரோகம் பின்னாலேயே நுழையும்.

ஹாலிஎலப் பக்கம் ஊத்துமலைத் தோட்டத்திலிருந்து கந்தப்பன் என்று ஒருவன் அதற்கு முந்திய வருஷக் கடைசியிலேயே எங்களிடம் வந்திருந்தான். இருமினால் இரத்தம். முதல் நாள் வாயைத் திறக்கச் சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தோட்டத்து ஆள், வாய் முழுக்கத் தேங்காய்ச் சில்லு மாதிரி வெள்ளைப் பல்.

"வெத்தில போடுறதில்லையா நீ?" என்று கேட்டேன்.

"இல்லைங்க மிஸ்ஸி. மாசியில காமன் கூத்துல நாந்தான் ரதி வேசங் கட்டுவேன். வெத்தலை போட்டா கொரலு கட்டிக்கும். ரதி அழுகுறப்ப கரகரன்னா சனம் சிரிச்சுப்புடும்ங்க."

காமனைச் சிவன் எரித்துவிட, அவன் மனைவி ரதி ஊர் நடுவே நின்று அழுது பாடுவாள். அந்தப் பெண்குரலில் இவன் பாடினால் கங்காணிமாரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்களாம். இப்போது நோயில் அந்தக் குரல் வெறும் காற்றாகப் போயிருந்தது. அவன் மனைவி ரெங்கம்மா அன்று நிறைமாதக் கர்ப்பிணியாக வெளியே நின்றாள். பிள்ளை பிறந்ததும் வந்து நீயும் சளி கொடுத்துப் பரிசோதித்துக்கொள் என்று நான் அவளிடம் கத்திக் கத்திச் சொன்னேன். தலையை ஆட்டினாள். வரவில்லை. வந்தால் ஒரு நாள் பேர் போய்விடும், அதாவது அன்றைய வேலைக் கணக்கில் பெயர் விழாது.

கந்தப்பனுக்கு ஊசியும் குளிசையும் நாள் தவறாமல் நடந்தது. சதை பிடித்தது. இடையில் பார்த்த சளியில் சிவப்பு நன்றாகக் குறைந்திருந்தது. கடைசிப் பரிசோதனை சுத்தம் என்று வந்தால், கிளினிக் தருகிற துண்டுச் சீட்டைக் காட்டி அவன் மறுபடி காலையில் ஆள் கூட்டுகிற பெரட்டுக்களத்தில் போய் நிற்கலாம், வேலைக்குப் பெயர் கொடுப்பார்கள். அது வரைக்கும் ரெங்கம்மா பறிக்கிற கொழுந்தில்தான் மூன்று வயிறு.

விடியற்காலையில் இருமி எடுக்கிற முதல் சளிதான் எங்களுக்கு வேண்டும். அதற்காக மூடி போட்ட சின்ன டப்பாவைக் கொடுத்தனுப்புவோம். அன்றைக்கு அந்த டப்பாவைக் கொண்டுவந்தவள் ரெங்கம்மா. இடுப்பில் குழந்தை. ஆண்பிள்ளை, தலை நிறைய முடி, என்னைப் பார்த்துச் சிரித்தது.

"அவன் எங்க?"

"வெறகு பொறுக்கப் போயிருக்காருங்க. நானே கொண்டாந்துட்டேன்."

"டப்பாவ மடியில வச்சுக் கொண்டாந்தியா? புள்ளைக்குப் பக்கத்துல? அறிவு ஈக்கா உனக்கு?"

அவள் இருமினாள். புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கி, "பஸ் போயிருமுங்க மிஸ்ஸி" என்று இறங்கிப் போய்விட்டாள்.

டப்பாவைத் திறந்ததும் எனக்குப் புருவம் சுருங்கியது. சளியில் செம்மண் நிறத்தில் துணுக்குகள். குச்சியால் கிளறிப் பார்த்தேன். பாக்கு நார். சுண்ணாம்புகூட. சரி, பார்ப்போம் என்று தகட்டில் பூசி, சாயம் ஊற்றி, சூடாக்கி, கழுவி, நீலம் போட்டு வைத்துப் பார்த்தேன்.

யா அல்லாஹ். சிவப்பு. ஒன்று இரண்டல்ல, கும்பல் கும்பலாக, கட்டிப்பிடித்துக்கொண்டு. கந்தப்பன் முதல் நாள் கொடுத்த சளியில்கூட இவ்வளவு இல்லை.

மருந்து கேட்டுத் தேறிய மனிதனுக்கு இப்படி வராது. வந்தாலும் வெற்றிலையே போடாதவன் சளிக்குப் பாக்கு எங்கிருந்து வரும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சளியில் கள்ளம் செய்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. பூசணிக்காயாவது பரவாயில்லை, இது பக்கத்தில் இருப்பவனையும் கொல்லும். யாரோ பக்கத்துக் காம்பராக்காரன் சளியை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள், அவன் யார் என்று பிடிக்க வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் அவள் கன்னத்தில் ஒதுக்கிய வெற்றிலையும் அந்த இருமலும் ஞாபகம் வந்தன.

கிளினிக் வாசலில் பெயர் கூப்பிடுகிற லத்தீப் நானாவிடம் சொன்னேன். அவர் பொறுமைசாலி. "தங்கச்சி, ரெண்டு பேரையும் வரவழைச்சுக் கேளுங்க. எடுத்த உடனே பாயாதீங்க. பாஞ்சா ஓடிருவாங்க, புள்ளையும் போயிரும்" என்றார். டொக்டரும் அதையேதான் சொன்னார், இருவரின் சளியையும் நம் கண் முன்னால் எடுக்க வேண்டும் என்று. தோட்டத்து மருந்துக்கடை ஐயா மூலம் சொல்லி அனுப்பினோம்.

வந்தார்கள். கந்தப்பன் வெளுத்த சட்டை போட்டு, தலையில் எண்ணெய் வைத்து, துண்டு வாங்கிப் போக வந்த மாப்பிள்ளை மாதிரி நின்றான்.

"வெத்தில போட ஆரம்பிச்சிட்டியா?" என்று கேட்டேன்.

"சாமி சத்தியமா இல்லைங்க."

"அப்ப உன்ட சளியில பாக்கு எப்பிடி வந்துச்சு?"

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைப் பார்த்தான், லத்தீப் நானாவைப் பார்த்தான், கடைசியில் பெண்சாதியைப் பார்த்தான். ரெங்கம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ரெங்கம்மா, அது யாருட சளி?"

"என்னோடதுதாங்க."

"அடிப்பாவி, என்னாடி சொல்றே?" என்றான் கந்தப்பன்.

"நீங்க சும்மா இருங்க." அவனை அடக்கிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "இவரு குடுத்தத அழுக்குத் தண்ணி ஓடுற கானுல கொட்டிப்புட்டேன் மிஸ்ஸி. அதுல இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்துச்சுன்னா மறுபடி மொதல்லேருந்து ஊசின்னுவீங்க, ஆசுபத்திரியில படுன்னுவீங்க. பெரட்டுல பேரு குடுக்க மாட்டாங்க. இந்த மாவு இல்லாத காலத்துல நான் என்னாங்க பண்ணுவேன்? எனக்கு ஒரு நோவும் இல்லைங்க. காச்சல்னு படுத்த ஆளே இல்லை நான். நல்ல சளியக் குடுத்தா நல்லதுன்னுதானே வரும்னு குடுத்துட்டேன்."

நல்ல சளி. எத்தனையோ கள்ளம் பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"உனக்கு இருமல் இல்லையா?"

"லயத்துல யாருதாங்க இரும மாட்டாங்க? அடுப்புப் பொகை, காலையில பனி. எல்லாந்தான் இருமுறோம்."

அதுவும் உண்மைதான். புகைபோக்கி இல்லாத அந்த அறைகளில் இருமலுக்கு யாரும் காது கொடுப்பதில்லை.

அவளை உள்ளே கூப்பிட்டு நுணுக்குக்காட்டிக்கு முன்னால் உட்கார வைத்தேன். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் திணறி, கையால் பொத்திக்கொண்டு பார்த்தாள்.

"என்ன தெரியுது?"

"நீலமா இருக்குங்க. அதுல குங்குமம் சிந்துனாப்புல இருக்கு."

"அதுதான் கிருமி. அது நீ குடுத்த சளி."

அவள் கண்ணை எடுக்கவில்லை. தோள் மட்டும் மெல்ல இறங்கியது. வெளியே குழந்தை தகப்பன் கையிலிருந்து ஏதோ மழலை பேசுவது கேட்டது. நான் என்னென்னவோ பதில்களை எதிர்பார்த்தேன், ஒப்பாரியைக்கூட. அவள் கேட்டது இது:

"அப்ப அவருக்குங்க?"

இருவரையும் பின்பக்க முற்றத்தில் தனித்தனியாக நிற்க வைத்து இருமச் சொல்லிச் சளி எடுத்தேன். இரண்டு தகடு. விளக்கைக் கொளுத்தினேன். அவர்கள் சுவரோரத்து மர வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். முதலில் அவளுடையதைப் பார்த்தேன். அதே சிவப்பு. கந்தப்பனுடையதை ஓரத்திலிருந்து ஓரம் வரை அங்குலம் அங்குலமாகத் தேடினேன், பிறகு இன்னொரு தரம் தேடினேன். நீலம். நீலத்தைத் தவிர எதுவுமில்லை. அவள் கானில் கொட்டியதும் சுத்தமான சளியாகத்தான் இருந்திருக்கும்.

வெளியே வந்து சொன்னேன். "கந்தப்பனுக்கு ஒண்ணுமில்ல. சுத்தம்."

"ஆத்தா, மாரியாத்தா, கண்ணத் தொறந்துட்டியே!" ரெங்கம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். தனக்கு என்ன என்பதே அவளுக்கு மறந்துபோய்விட்டது. சந்தோஷத்தில் குழந்தையை வாரி எடுத்து முகத்தோடு முகம் வைத்து முத்தம் கொடுத்தாள்.

"புள்ளைய எடு! மூஞ்சில மூச்சு விடாத! கந்தப்பன், புள்ளையப் பறி!"

நான் போட்ட சத்தத்தில் வரிசையில் இருந்த நோயாளிகள் எழுந்துவிட்டார்கள். குழந்தை வீறிட்டது. கந்தப்பன் அதைப் பிடுங்கிக்கொண்டு பின்வாங்கினான். ரெங்கம்மா வெறுங்கையோடு நின்றாள். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. முகம் வெளுத்துப்போனது.

"நான்... நான் முத்தங் குடுத்ததுலயா?" என்றாள். "ஐயோ, பொறந்ததுலேருந்து குடுத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

டொக்டர் குழந்தையை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். நெஞ்சில் கோளாறான சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் இனிமேல் வரலாம். கைக்குழந்தைக்கு இந்த நோய் வந்தால் மூளைக்கு ஏறும், பிழைப்பது கடினம். சட்டப்படி தாயை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பிள்ளையைப் பிரிக்க வேண்டும். பிரித்தால் பிள்ளை என்ன குடிக்கும்? பால்மாவுக்கு டவுனிலேயே வழியில்லை. ஊத்துமலையில் மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். பிரித்தால் பசியில் போகும், பிரிக்காவிட்டால் மூச்சில் போகும். டொக்டர் பேனாவை மேசையில் தட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் என்னைப் பார்த்து, "பாலில் இல்லை, மூச்சில்தானே இருக்கு. இவளால் கட்டுப்பாடாக இருக்க முடியுமா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"நான் இருக்க வைக்கிறேன்" என்றேன்.

அவளை உட்கார வைத்துச் சொன்னேன். தினமும் ஊசி, குளிசை. பிள்ளைக்கும் குளிசையைத் தூளாக்கிக் கொடுக்க வேண்டும். பால் கொடுக்கலாம். ஆனால் மூக்கையும் வாயையும் மூடி இரட்டைத் துணி கட்ட வேண்டும். வாசலில், காற்றுப்பட உட்கார வேண்டும். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். பால் குடித்ததும் தகப்பனிடம் கொடுத்துவிட வேண்டும். படுக்கை வேறு. முத்தம் கூடாது. பிள்ளைக்குக் கிட்டே பேசக்கூடாது, பாடக்கூடாது.

"தாலாட்டுமாங்க?"

"தாலாட்டும்தான்."

"துணி கட்டிக்கிட்டுப் பாடுனா?"

"வாயே தொறக்காத எண்டு சொல்றேன். உன்ட புள்ள உயிரோட வேணுமா, வேணாமா?"

அவள் என் கையிலிருந்த துணியை வாங்கி அந்த இடத்திலேயே கட்டிக்கொண்டாள்.

அவர்கள் போன பிறகும் என் கோபம் அடங்கவில்லை. இப்படிப் பொய் சொல்லி ஊரை ஏமாற்றப் பார்த்தாளே என்று லத்தீப் நானாவிடம் பொரிந்து தள்ளினேன். அவர் நிதானமாகக் கேட்டார்: "அவ ஒழுங்கா அவன்ட சளியையே கொண்டாந்திருந்தா என்ன ஆயிருக்கும் தங்கச்சி? சுத்தம் எண்டு துண்டு குடுத்து அனுப்பியிருப்பீங்க. அவட சளிய யாரு பார்த்திருப்பா?"

நான் தர்க்கத்தை விட்டுவிட்டுத் தகடு கழுவப் போனேன். இது அடிக்கடி நடக்கிற விஷயமல்ல.

சில வாரங்கள் கழித்து, அந்த லயத்தில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று பார்க்கக் கிளினிக் வான் ஊத்துமலைக்குப் போனது. நானும் டப்பாக்களோடு போனேன். கொழுந்து நிறுத்து முடிந்து ஆட்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்கி வருகிற நேரம். லயத்தின் கோடியில் ஒரு பெண் பாடுகிற சத்தம். நல்ல குரல், இழுத்து இழுத்து, தாலாட்டு. எனக்குத் தலைக்கு ஏறியது. சொல்லியும் கேட்காமல் பாடுகிறாளே என்று செருப்புச் சேற்றில் புதைய வேகமாக நடந்தேன்.

பாடியவள் ரெங்கம்மா அல்ல.

அவள் காம்பரா வாசலில் உட்கார்ந்திருந்தாள். துணி கண்ணுக்குக் கீழே எல்லாவற்றையும் மூடியிருந்தது. முகத்தைக் கழுத்து வலிக்கிற அளவுக்குத் திருப்பி எதிர்மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. அதன் முகத்துக்கு நேரே கந்தப்பன் குந்தியிருந்தான். வேலைக்குப் போய் வந்த சேறு காலில் காயவில்லை. ரதியின் குரலில், அச்சு அசலாகப் பெண்குரலில், பாடிக்கொண்டிருந்தான்.

"மலையெறங்கி மூடுபனி மடியத் தேடி வந்திருச்சு, மடிக்கு வந்த எம்பனியே, மசங்காமக் கண்ணசரு..."

ரெங்கம்மாவின் கை மட்டும் அந்தப் பாட்டுக்குப் பிள்ளையின் முதுகில் தாளம் தட்டியது. குழந்தை குடித்தபடியே கண்ணைத் தகப்பன் முகத்தில் வைத்திருந்தது. தாய் பக்கம் அது திரும்பவேயில்லை. திரும்பினால்தான் என்ன இருக்கிறது, ஒரு துணி.

பக்கத்துக் காம்பரா வாசலில் நின்ற ஒரு கிழவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "மொதல்ல எல்லாருஞ் சிரிச்சோமுங்க. ரதிக்குப் புள்ளை பொறந்துருச்சுடோய்னு. இப்ப யாருஞ் சிரிக்கிறதில்லை."

எனக்கு அழுகை வந்தது. வந்ததை வெளியே காட்டுகிற பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. "அந்தத் துணிய ஒவ்வொரு நாளும் கொதிக்க வச்சுக் காயப் போடுறியா, இல்ல ஒரே துணியையே கட்டிட்டு ஈக்கியா?" என்று சத்தம் போட்டேன். ரெங்கம்மா மலையைப் பார்த்தபடியே கையை நீட்டிக் கொடியைக் காட்டினாள். அதில் துவைத்த துணிகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

பிறகு மாதாமாதம் அவள் சளி என் மேசைக்கு வந்தது. இந்தத் தடவை கள்ளம் இல்லை. வெற்றிலையையும் விட்டுவிட்டாள், மிஸ்ஸிக்குக் கண்டுபிடிக்கக் கஷ்டமாக இருக்கும் என்றாளாம். மெழுகுச் சுவர் இலேசில் விடவில்லை. சிவப்புக் கும்பல் கலைந்து தனித்தனிக் குச்சிகளாயிற்று. பிறகு தேடினால் அகப்படுகிற அளவு. அப்புறம் ஒன்றுமில்லை. நான் நம்பாமல் திரும்பவும் வரச் சொன்னேன், அதற்கடுத்த மாதமும் சொன்னேன். நீலம்தான்.

பிள்ளைக்குத் தோலில் சோதனை ஊசி போட்டுப் பார்த்தோம். அது நோயில்லாமல் வளர்ந்து, வாங்கைப் பிடித்துக்கொண்டு தத்தி நடக்கிற பருவத்துக்கு வந்திருந்தது.

அன்றைக்கு மூவரும் வந்திருந்தார்கள். டொக்டர் எழுதிய துண்டை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். "முடிஞ்சிது ரெங்கம்மா. கழட்டு அந்தத் துணிய."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. "மெய்யாவாங்க? கிட்ட போகலாமுங்களா?"

"போ புள்ள. உன்ட புள்ளைதானே."

பின்னால் கையை விட்டு முடிச்சை அவிழ்த்தாள். அத்தனை மாதம் வெயில் படாத வாயும் மூக்கும் மட்டும் வேறு நிறமாக இருந்தன. கந்தப்பன் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற மகன் முன்னால் போய் மண்டியிட்டு உட்கார்ந்தாள். "ராசா" என்றாள். பேசாமலே இருந்து குரல் தடித்துப்போயிருந்தது. "ராசா, அம்மாடா. அம்மா."

குழந்தை பார்த்தது. அந்த வாயைப் பார்த்தது. உதட்டைப் பிதுக்கியது. பிறகு, பிசாசைக் கண்டதுபோல ஒரு கத்து. தகப்பன் காலைக் கட்டிக்கொண்டு, முகத்தை வேட்டியில் புதைத்துக்கொண்டு, உடம்பெல்லாம் நடுங்க அழுதது. அவள் தொட்டாள். கையை உதறியது. இன்னும் கிட்டே போய்ப் பேசினாள், இன்னும் பலமாக அழுதது. அதற்குத் தெரிந்த அம்மாவுக்கு வாய் கிடையாது, குரலும் கிடையாது. அந்தக் குரல் அப்பாவிடம் இருந்தது.

"பழகிரும், பழகிரும். ரெண்டு நாள்ல பழகிரும்" என்றார் லத்தீப் நானா.

ரெங்கம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்து வழிந்தது, ஆனால் சிரித்தாள். "அழுகட்டும்ங்க மிஸ்ஸி. என்னா சத்தமா அழுகுறான் பாத்தீங்களா? நெஞ்சுல பழுதில்லை."

கந்தப்பன் தூக்கிப் பார்த்தான், பாடிப் பார்த்தான், அவள் மடியில் விட்டுப் பார்த்தான். பசி வேறு. பால் மணத்துக்கு வாய் போகிறது, முகத்தைப் பார்த்ததும் துள்ளி விலகுகிறது. ஹாலிஎல பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

ரெங்கம்மா மடியில் கிடந்த துணியை எடுத்தாள். உதறி, மடித்து, மூக்கையும் வாயையும் மூடி மறுபடி கட்டிக்கொண்டாள். வாங்கின் ஓரத்தில் போய் உட்கார்ந்து, பழகின மாதிரியே முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டினாள்.

குழந்தை விம்மலை நிறுத்திப் பார்த்தது. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தாவிப் போய் அவள் மடியில் விழுந்தது. கந்தப்பன் எதிரே குந்தி மெதுவாகப் பாட ஆரம்பித்தான்.

துணியைக் கட்டு, கட்டு என்று இத்தனை மாதமாகத் தொண்டை கிழியக் கத்தினவள் நான். 'கழட்டு புள்ள, உனக்கு இப்ப ஒண்ணுமில்ல' என்று ஒரு வார்த்தை சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமலே உள்ளே போய் அடுத்த டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அன்று பஸ் ஏறும்போதும் அவள் முகத்தில் அந்தத் துணி இருந்தது.